வெயில் சுவரும் ஈரச் சுவரும்: வாடகை வீட்டுக்கு வரும் புதியவர்களுக்குச் சில விடயங்கள்

(பிறிஸ்பேனில் எமது நிலையத்தில் புதிதாக வந்தவர்களுக்காக நடந்த வீட்டுவசதித் தகவற் கூட்டத்தில், கட்டட வேலை செய்யும் எம்மவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அவர் பேசிய நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



இங்கே இருக்கிறவர்களில் சிலர் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை என்று சொன்னார்கள். உங்களுக்கு இப்போது விசா நேர்முகம், வழக்கறிஞர், வேலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று ஆயிரம் யோசனை இருக்கும். இதற்குள் ஒருவன் வந்து வீட்டுச் சுவரைப் பற்றிக் கதைக்கப் போகிறானே என்று நினைக்காதேங்கோ. இந்தச் சுவரால் நான் என்னுடைய பொண்ட் காசை இழக்கப் பார்த்தேன். என்னுடைய மகளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கினது. அந்தக் கதையையும், அதற்குப் பிறகு கட்டட வேலையில் நான் படித்ததையும் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நான் செய்த பிழை

நாங்கள் வந்த முதலாவது வருசம், மேற்குப் பக்கம் பார்த்த ஒரு அறையில் நானும் மனைவியும் மகளும் படுத்தோம். செங்கல் வீடு. பின்னேரம் நான்கு மணிக்கு அந்தச் சுவரில் உள்ளே கை வைத்தால் சூடு தெரியும். இரவு பத்து மணிக்கும் அது ஆறாது. யாழ்ப்பாணத்தில் வெயில் பார்த்தவர்கள்தானே நாங்கள், ஆனால் அங்கே விறாந்தை, தாழ்வாரம், வேப்பமரம் எல்லாம் இருந்தது. இங்கே சுவர் வெறுமனே வெயிலுக்கு நின்றது.

கனடாவில் இருக்கிற என்னுடைய மச்சானிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் சொன்னார், "இங்கே எல்லா வீட்டுச் சுவருக்குள்ளும் இன்சுலேசன் வைத்து, அதற்கு உள்பக்கமாகப் பிளாஸ்ரிக் தாள் அடித்திருக்கிறார்கள். நீயும் அப்பிடிச் செய்" என்று. நானும் கடையில் ரெஜிபோம் தகடு வாங்கி அந்தச் சுவர் முழுக்க உள்பக்கத்தால் ஒட்டினேன். அதற்கு மேல் தடித்த பிளாஸ்ரிக் விரிப்பு, சுற்றிவர ரேப். அதை மறைக்க மனைவி ஒரு பழைய சேலையைத் தொங்கவிட்டார். ஏசியை 18இல் விட்டோம். முதல் இரண்டு கிழமை நல்ல சந்தோசம்.

மாசி மாத மழையோடு அறையில் ஒரு மணம் வந்தது. நனைந்த சாக்கு மணம். சேலையை விலக்கிப் பார்த்தால் பிளாஸ்ரிக்கின் பின்பக்கத்தில் தண்ணீர் துளி துளியாக நிற்கிறது. கழற்றினேன். ரெஜிபோமும் சுவரும் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். சுவரின் பிளாஸ்ரர்போர்ட் விரலால் அமத்தினால் உள்ளே போகிற அளவுக்கு ஊறிப் போயிருந்தது. மகளுக்கு அந்த இரண்டு மாதமும் இருமல் நிற்கவில்லை. நாங்கள் அது தடிமன் என்று நினைத்துக்கொண்டு இருந்தோம்.

மச்சான் பொய் சொல்லவில்லை. கனடாவுக்கு அது சரி. இங்கே அது பிழை. ஏன் என்று விளங்கினால், நீங்கள் என்னுடைய பிழையைச் செய்யமாட்டீர்கள்.

ஈரம் எந்தப் பக்கத்தால் வருகிறது?

காற்றில் கண்ணுக்குத் தெரியாத நீராவி இருக்கிறது. சூடான காற்று நிறைய நீராவியைத் தாங்கும், குளிர்ந்த காற்று குறைவாகத் தாங்கும். ஈரக்காற்று குளிர்ந்த ஒரு பொருளில் பட்டால், தாங்க முடியாத நீராவி தண்ணீராக வெளியே வரும். குளிர்பெட்டியில் இருந்து எடுத்த சோடாப் போத்தலின் வெளிப்பக்கம் வேர்க்கிறதைப் பார்த்திருப்பீர்கள். சுவருக்குள் நடப்பதும் அதேதான்.

கனடாவில் குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளே சூடும் ஈரமும், வெளியே குளிரும் வறட்சியும். ஈரம் உள்ளே இருந்து வெளியே போகப் பார்க்கும். ஆகவே உள்பக்கத்தில் பிளாஸ்ரிக் போட்டால் ஈரம் சுவருக்குள் போகாது. அது நியாயம்.

பிறிஸ்பேன், ரவுன்ஸ்வில், கெயான்ஸ், டார்வின் போன்ற இடங்களில் கோடை காலத்தில் இது தலைகீழ். சூடும் ஈரமும் வெளியே இருக்கின்றன. ஏசி போட்டால் உள்ளே குளிரும் வறட்சியும். ஈரம் வெளியே இருந்து உள்ளே வரப் பார்க்கும். செங்கல் ஈரத்தை விடும், பிளாஸ்ரர்போர்டும் விடும். வருகிற ஈரத்தை உள்பக்கத்தில் பிளாஸ்ரிக்கால் மறித்தால், அது ஏசியால் குளிர்ந்த அந்தப் பிளாஸ்ரிக்கின் பின்பக்கத்தில் வந்து தண்ணீராகிவிடும். வெளியே போகவும் வழியில்லை, அறைக்குள் வந்து காயவும் வழியில்லை.

ஒரு கணக்குச் சொல்கிறேன். வெளியே 30 பாகை, ஈரப்பதன் 60 வீதம் என்றால், அந்தக் காற்று ஏறக்குறைய 21 பாகை குளிரான பொருளில் பட்டாலே தண்ணீராகும். மழை நாளில் அதே 30 பாகையில் ஈரப்பதன் 75 வீதம் என்றால், 25 பாகையிலேயே தண்ணீராகத் தொடங்கும். இப்போது யோசித்துப் பாருங்கோ, நான் ஏசியை 18இல் விட்டிருந்தேன். அந்தப் பிளாஸ்ரிக் இரவு பகலாக வேர்க்காமல் என்ன செய்யும்?

ஆகவே, இந்தக் கூட்டத்தில் நீங்கள் ஒரே ஒரு விடயத்தைத்தான் நினைவில் வைத்துக்கொண்டு போகப் போகிறீர்கள் என்றால் அது இதுதான்: இந்த ஊரில் சுவரை வெளிப்பக்கத்தால் வெயிலில் இருந்து காப்பாற்ற வேண்டும், உள்பக்கத்தால் மூடிக் கட்டக் கூடாது. பிளாஸ்ரிக் விரிப்பு, றெக்சீன், வினைல் வோல்பேப்பர், ரெஜிபோம் ஒன்றும் வெளிச்சுவரின் உள்பக்கத்தில் ஒட்டாதேங்கோ. ரெஜிபோம் தீப்பிடித்தால் வேகமாக எரிந்து நச்சுப்புகை விடும் என்பது இன்னொரு ஆபத்து. படுக்கிற அறையில் அது வேண்டவே வேண்டாம்.

உங்கள் வீட்டுச் சுவர் எப்படிப்பட்டது?

இங்கே நீங்கள் வாடகைக்குப் போகிற வீடுகளில் பெரும்பாலும் நான்கு வகைச் சுவர் இருக்கும்.

முதலாவது, பழைய மர வீடு. கால் வைத்து உயர்த்திக் கட்டியிருப்பார்கள். பல வீடுகளில் சுவர் ஒற்றைப் பலகைதான். நடுவில் வெளி இல்லை, ஆகவே இன்சுலேசன் வைக்க இடமும் இல்லை. இப்படியான வீடு சீக்கிரம் சூடாகும், இரவில் சீக்கிரம் ஆறும். இதற்கு மருந்து நிழலும் காற்றோட்டமும்தான்.

இரண்டாவது, பைப்ரோ வீடு. மெல்லிய சீமெந்துத் தகடு அடித்த சுவர். உலகப் போருக்குப் பிறகு நிறையக் கட்டினார்கள். இதைப் பற்றிப் பிறகு தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம்.

மூன்றாவது, செங்கல் முகப்பு வீடு. வெளியே பார்த்தால் முழுச் செங்கல் வீடு மாதிரி இருக்கும். உண்மையில் செங்கல் வெளியே ஒரு அடுக்கு மட்டும். பிறகு சின்ன இடைவெளி. அதற்குப் பிறகு மரச் சட்டம், உள்ளே பிளாஸ்ரர்போர்ட். வீட்டைத் தாங்குவது அந்த மரச் சட்டம்தான். செங்கல் நாள் முழுக்க வெயிலைக் குடித்துச் சேமித்து, இரவில் உள்ளே விடும். நான் இருந்தது இப்படியான வீடு.

நான்காவது, கொங்கிறீற் அல்லது புளொக் கல்லால் கட்டிய தொடர்மாடி வீடு. இதுவும் வெப்பத்தைச் சேமிக்கும்.

செங்கல் முகப்பு வீட்டில் ஒன்றைக் கவனியுங்கோ. கீழ்வரிசைச் செங்கற்களுக்கு இடையில் அங்கங்கே சின்னத் துவாரம் விட்டிருப்பார்கள். கட்டினவர் மறந்துபோய் விட்டது இல்லை அது. செங்கலுக்குள்ளால் வந்த மழைத்தண்ணீர் வெளியே வடியவும், இடைவெளிக்குள் காற்றுப் போகவும் விட்ட வழி. எறும்பு வருகிறது என்று அதைச் சிலிக்கனால் அடைக்காதேங்கோ. பூமரம் வைக்கிறோம் என்று மண்ணை அந்தத் துவாரத்துக்கு மேலே குவிக்காதேங்கோ. அடைத்தால் தண்ணீர் உள்ளே நிற்கும், கறையானும் வரும்.

இன்சுலேசன் என்றால் என்ன?

வெப்பம் சுவரைக் கடந்து வருவதை மெதுவாக்குகிற பொருள்தான் இன்சுலேசன். அது வீட்டைக் குளிர்விக்காது. வெப்பம் வருகிற வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். அதன் வலிமையை ஆர் என்ற எண்ணால் சொல்வார்கள். எண் கூடினால் தடுப்புக் கூட.

சுவருக்குள் பெரும்பாலும் கண்ணாடிப் பஞ்சு வைப்பார்கள். மரச் சட்டங்களுக்கு இடையில் இறுக்கி அமத்தாமல் வைக்க வேண்டும். அமத்தினால் உள்ளே இருக்கிற காற்று போய்விடும், பலனும் போய்விடும். நனைந்தாலும் அப்படித்தான். செங்கலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் பஞ்சு போய் விழவே கூடாது, ஏனென்றால் செங்கலின் ஈரம் அதைப் பிடித்து உள்ளே வந்துவிடும்.

மற்றது பொயில், பளபளப்பான அலுமினியத் தாள். அது வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பும். ஆனால் அதன் பளபளப்பான பக்கத்துக்கு முன்னால் காற்று வெளி இருக்க வேண்டும். சுவரில் ஒட்டினால் அந்தப் பக்கத்தால் பலன் இல்லை. அதோடு பொயில் மின்சாரத்தைக் கடத்தும். இதையும் பிறகு சொல்கிறேன்.

இந்த வேலைகள் வீட்டுக்காரர் செய்ய வேண்டிய வேலைகள். வாடகைக்கு இருக்கிற நாங்கள் எழுத்தில் அனுமதி இல்லாமல் சுவரில் எதையும் மாற்றக் கூடாது. உங்கள் வீட்டுக்காரர் நல்லவராக இருந்து, "என்ன செய்யலாம்" என்று கேட்டால் இந்த ஒழுங்கில் சொல்லுங்கோ: முதலில் கூரை, பிறகு மேற்குப் பக்க நிழல், கடைசியாகச் சுவர் இன்சுலேசன். டிசம்பர் மாதம் பிறிஸ்பேனில் நடுப்பகல் வெயில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே நிற்கும், ஆகவே தனி வீட்டில் கூரைதான் அதிக வெயிலை வாங்குகிறது. சுவருக்கு அடிக்கிற வெயில் காலையில் கிழக்காலும் பின்னேரம் மேற்காலும் வருவதுதான். சுவரைக் கழற்றித் திருத்துகிற நேரம் வந்தால் அப்போது இன்சுலேசன் வைப்பது செலவு குறைவு. அப்போதும் வெளிப்பக்கத்துக்குச் சரியான தாள் எது என்பதை இந்தக் காலநிலை தெரிந்த லைசன்ஸ் உள்ளவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

காசு அதிகம் இல்லாமல் நீங்கள் செய்யக்கூடியவை

நிழல்: வெயில் சுவரைத் தொட முதல் மறியுங்கோ. ஊரில் விறாந்தைக்குத் தட்டி கட்டினது ஞாபகம் இருக்கும்தானே. கிடுகு வேலி எப்படி வெயிலை மறித்துக் காற்றை விட்டது? அதே தத்துவம். இங்கே வன்பொருள் கடைகளில் நிழல்துணி விற்கிறது. மேற்குச் சுவருக்கும் யன்னலுக்கும் வெளியே, சுவரில் படாமல் ஒரு அடியாவது தள்ளி, தனியாக நிற்கிற சட்டத்தில் கட்டலாம். சட்டம் காற்றில் விழாதபடி பாரம் வையுங்கோ, புயல் எச்சரிக்கை வந்தால் கழற்றி வையுங்கோ. சுவரில் ஆணி அடிக்க வேண்டாம். பெரிய சாடிகளில் உயரமான செடி வைப்பதும் உதவும். உள்ளே போடுகிற திரைச்சீலையை விட வெளியே போடுகிற நிழல் பல மடங்கு மேல், ஏனென்றால் உள்ளே திரை போடும்போது வெப்பம் கண்ணாடியைக் கடந்து வந்துவிட்டது.

காற்று: ஏசி ஓடாத நேரம் எதிரெதிர் யன்னல்களைத் திறவுங்கோ. ஏசி ஓடுகிற நேரம் எல்லா யன்னலையும் பூட்டுங்கோ. சிலர் மூச்சு முட்டும் என்று ஏசியைப் போட்டுக்கொண்டு யன்னலை அரைவாசி திறந்து வைக்கிறார்கள். அது வெளி ஈரத்தைக் கூப்பிட்டுக் குளிர்ந்த சுவரில் கொட்டுகிற வேலை.

ஏசி: 18 வேண்டாம். 25, 26இல் விட்டு மின்விசிறியையும் போடுங்கோ. காற்று உடம்பில் பட்டால் அதுவே குளிர்மையாக இருக்கும், கரண்ட் பில்லும் குறையும், சுவரும் வேர்க்காது. மின்விசிறி ஆளைத்தான் குளிர்விக்கும், அறையை இல்லை. ஆள் இல்லாத அறையில் நிற்பாட்டிவிடுங்கோ.

ஈரம்: சோறு, கறி சமைக்கும்போது மூடி போட்டு, புகைபோக்கி விசிறியை ஓடவிடுங்கோ. குளித்த பிறகும் விசிறி கொஞ்ச நேரம் ஓடட்டும். ஈர உடுப்பை அறைக்குள் கயிறு கட்டிக் காயப் போடாதேங்கோ.

தளபாடம்: அலுமாரி, கட்டில் எல்லாவற்றையும் வெளிச்சுவரில் இருந்து 5 சென்ரிமீற்றராவது தள்ளி வையுங்கோ. புதிதாக வந்தவர்கள் பலர் கட்டில் வாங்கக் காசில்லாமல் மெத்தையை நிலத்திலேயே போட்டுப் படுக்கிறோம். நானும் படுத்தேன். அப்படியென்றால் ஒவ்வொரு நாளும் காலையில் மெத்தையைத் தூக்கிச் சாத்தி வையுங்கோ. இல்லாவிட்டால் அடிப்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும்.

பூஞ்சணம் வந்துவிட்டால்

சின்ன இடம் என்றால் நான்கு பங்கு வெள்ளை வினாகிரிக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து, துணியால் துடையுங்கோ. உலர்ந்த தும்புத்தடியால் தட்டாதேங்கோ, அதன் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். கையுறையும் முகக்கவசமும் போடுங்கோ. பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

பிளீச்சை வினாகிரியோடு ஒருபோதும் கலக்காதேங்கோ. அமோனியா உள்ள கழுவும் திரவத்தோடும் கலக்காதேங்கோ. நச்சு வாயு வரும். இரண்டும் சேர்ந்தால் இரண்டு மடங்கு நன்றாகக் கழுவும் என்று நினைத்து, பூட்டின குளியலறைக்குள் ஆபத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

துடைத்தும் திரும்பத் திரும்ப வந்தால், எங்கேயோ ஈரம் ஊறுகிறது என்று அர்த்தம். கூரை ஒழுக்கு, உடைந்த குழாய், பீலி நிரம்பி வழிவது. அது வீட்டுக்காரர் திருத்த வேண்டியது. அப்படி இருக்கும்போது மேலே பெயின்ற் அடித்து மறைப்பதால் ஒன்றும் ஆகாது. ஆஸ்துமா உள்ளவர்கள், கைக்குழந்தைகள், முதியவர்கள் இருந்தால் அந்த அறையில் படுக்க வைக்காமல், வைத்தியரிடமும் வீட்டு நிலைமையைச் சொல்லுங்கோ.

முறைப்பாடு செய்யப் பயப்பட வேண்டுமா?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். என்னுடைய வீட்டில் நான் செய்த பிழை பாதி. மற்றப் பாதி என்ன தெரியுமா? அந்தச் சுவரின் மேல் மூலையில் நாங்கள் போன நாள் தொடக்கம் ஒரு மஞ்சள் கறை இருந்தது. பீலி உடைந்து தண்ணீர் உள்ளே வந்துகொண்டு இருந்தது. நான் ஏஜென்ற்றிடம் சொல்லவே இல்லை. சொன்னால் வீட்டை விட்டு எழுப்பிவிடுவார்கள், அல்லது குடிவரவுக்கு அறிவிப்பார்கள் என்ற பயம். கடைசியில் வீட்டைப் பார்க்க வந்த ஏஜென்ற், முழுச் சேதத்துக்கும் நான்தான் காரணம் என்று சொல்லி, பொண்ட் காசைப் பிடிக்கப் போவதாகச் சொன்னார். என் கையில் ஒரு படம்கூட இல்லை. கறை முதலே இருந்தது என்று எதை வைத்துச் சொல்லுறது? வாடகையாளர் ஆலோசனைச் சேவை ஒன்றுதான் எனக்கு உதவினது. ஏஜென்ற்றின் சொந்தப் பரிசோதனை அறிக்கையிலேயே அந்தக் கறை எழுதப்பட்டிருந்ததை அவர்கள் கண்டுபிடித்தார்கள். பாதிப் பொண்ட் திரும்பி வந்தது. மற்றப் பாதி என் ரெஜிபோமுக்குக் கொடுத்த விலை.

ஆகவே கேளுங்கோ. வாடகைச் சட்டம் உங்களிடம் என்ன விசா என்று கேட்பதில்லை. வீட்டைத் திருத்தச் சொல்வது உங்கள் பாதுகாப்பு விண்ணப்பத்தோடு சம்பந்தப்பட்ட விடயம் இல்லை.

குயின்ஸ்லாந்தில் வாடகை வீடுகளுக்கு ஆகக் குறைந்த தரங்கள் சட்டமாக இருக்கின்றன. 2023 செப்டெம்பர் 1இல் இருந்து புதிய ஒப்பந்தங்களுக்கும், 2024 செப்டெம்பர் 1இல் இருந்து எல்லா ஒப்பந்தங்களுக்கும் அவை பொருந்தும். வீடு மழை ஒழுகாமல் உறுதியாக இருக்க வேண்டும், ஈரக்கசிவும் பூஞ்சணமும் இருக்கக் கூடாது என்பவை அதில் அடங்கும். சுவருக்குள் இன்சுலேசன் வைக்க வேண்டும் என்று அந்தத் தரங்கள் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே "வீடு சூடாக இருக்குது" என்று மட்டும் எழுதினால் பலன் குறைவு. "சுவர் ஊறுகிறது, பூஞ்சணம் வருகிறது, மழைத்தண்ணீர் உள்ளே வருகிறது" என்று உள்ளதை எழுதுங்கோ. ஆனால் நீங்கள் விசிறி போடாமல், யன்னல் திறக்காமல் வந்த பூஞ்சணம் என்றால் பொறுப்பு உங்கள் பக்கம் திரும்பும். அதனால்தான் இவ்வளவு நேரம் அந்த ஆலோசனைகளைச் சொன்னேன்.

செய்ய வேண்டியவை இவை:

1. வீட்டுக்குப் போகும்போது நிலைமை அறிக்கை ஒன்று தருவார்கள். அதில் ஒவ்வொரு கறையையும் எழுதி, 7 நாளுக்குள் திருப்பிக் கொடுங்கோ. ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து வையுங்கோ. ஒரு பிரதி உங்களிடம் இருக்க வேண்டும்.

2. பிரச்சினை கண்ட அன்றே ஏஜென்ற்றுக்கு மின்னஞ்சல் அல்லது குறுஞ்செய்தி. வாயால் சொன்னது காற்றோடு போகும். ஆங்கிலம் எழுத வராவிட்டால் நிலையத்துக்கு வாருங்கோ, எழுதித் தருவார்கள்.

3. நடவடிக்கை இல்லாவிட்டால் படிவம் 11 என்ற அறிவித்தலைக் கொடுக்கலாம். திருத்துவதற்கு 7 நாள் அவகாசம். அதற்கும் அசையாவிட்டால், ஆர்.ரி.ஏ. என்ற வாடகைக் குடியிருப்பு அதிகாரசபை இலவசமாகச் சமரசம் பேசும். அதற்குப் பிறகு தீர்ப்பாயம் இருக்கிறது.

4. கோபத்தில் வாடகையை நிற்பாட்டாதேங்கோ. திருத்தவில்லை என்றாலும் வாடகை கட்டிக்கொண்டே முறைப்பாடு செய்ய வேண்டும். நிற்பாட்டினால் பிழை உங்கள் பக்கம் வந்துவிடும்.

5. முறைப்பாடு செய்ததற்குப் பழிவாங்கலாக வெளியேறச் சொல்லிக் கடிதம் வந்தால், அதை எதிர்க்க வழி உண்டு. ஆனால் காலக்கெடுவும் உண்டு. கடிதத்தைக் கையில் வைத்து யோசித்துக்கொண்டு இருக்காமல் அன்றே ஆலோசனை கேளுங்கோ.

வேறொருவரின் வீட்டில் அறை மட்டும் எடுத்து இருப்பவர்களுக்கு விதிகள் வேறு. எங்கள் ஆட்களின் வீட்டில் அறை எடுத்தவர்கள் "அண்ணையிடம் எப்பிடிக் கேட்கிறது" என்று கூச்சப்படுவீர்கள். காசு கட்டினதற்குப் பற்றுச்சீட்டாவது கேட்டு வாங்குங்கோ.

பைப்ரோ சுவர்: தொடாதேங்கோ

ஊரில் அஸ்பெஸ்டஸ் தகடு என்றால் எங்களுக்குச் சாதாரணம். கூரைக்குப் போட்டோம், வாளால் அரிந்தோம், துளை போட்டோம். இங்கே அது அப்படி இல்லை. அவுஸ்திரேலியாவில் 2003 டிசம்பர் 31இல் இருந்து அஸ்பெஸ்டஸ் முழுவதுமாகத் தடை. ஆனால் 1990க்கு முதல் கட்டிய வீடுகளின் சுவர், கூரை ஓரம், குளியலறைத் தகடு ஆகியவற்றில் அது இன்னும் இருக்கலாம். உடையாமல், பெயின்ற் உரியாமல் இருந்தால் ஆபத்து மிகக் குறைவு. துளைத்தால், தேய்த்தால், உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத தும்பு பறக்கும். அது சுவாசப்பையில் தங்கி, 20, 30, 40 வருசம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். பார்வையால் அஸ்பெஸ்டஸ் எது, இல்லாதது எது என்று சொல்ல முடியாது. ஆய்வுகூடம்தான் சொல்ல வேண்டும். பாசி பிடித்த பைப்ரோ சுவரையோ கூரையையோ வேகத் தண்ணீர்க் குழாயால் கழுவுவது பெரிய ஆபத்து. அஸ்பெஸ்டஸ் இருந்தால் இங்கே அது சட்டப்படி குற்றமும்கூட.

வேலைக்குப் போகிற தம்பிமாருக்கு

கடைசியாக, வேலை தேடுகிற இளம் ஆட்களுக்கு. "ஒரு நாள் வேலை, கைக்காசு, கூரைக்குள் இன்சுலேசன் போட வேணும், பழைய சுவர் கழற்ற வேணும்" என்று யாராவது கூப்பிடுவார்கள். முதலில் உங்கள் விசாவில் வேலை செய்ய அனுமதி இருக்கிறதா என்று பாருங்கோ. கட்டட வேலைக்கு வைற் கார்ட் பயிற்சி வேண்டும்.

2009இல் அரசாங்கம் வீட்டுக் கூரைகளுக்கு இன்சுலேசன் போடுவதற்கு ஒரு பெரிய திட்டம் கொண்டுவந்தது. அனுபவம் இல்லாத பலர் அந்த வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். 2009 அக்டோபருக்கும் 2010 பெப்ரவரிக்கும் இடையில் 16 முதல் 25 வயதுக்குள் நான்கு பேர் இறந்தார்கள். மூன்று பேர் இங்கே குயின்ஸ்லாந்தில், மின்சாரம் தாக்கி. அதில் இரண்டு பேர் பொயில் தாளை உலோக ஸ்ரேபிளால் அடித்துக்கொண்டிருந்தவர்கள். நான்காவது பிள்ளை நியூ சவுத் வேல்ஸில், கூரைக்குள் இருந்த வெக்கையால் இறந்தது. 2010 பெப்ரவரியில் அந்தத் திட்டத்தை நிறுத்தினார்கள். 2014இல் அரச விசாரணை ஆணைக்குழு இதைப் பற்றி அறிக்கை கொடுத்தது. அவர்கள் இந்த மண்ணில் வளர்ந்த, ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகள். அவர்களுக்கே அப்படி என்றால், பாசை தெரியாமல் "ஓம் ஓம்" என்று தலையாட்டுகிற எங்கள் பிள்ளைகளின் நிலை என்ன?

ஆகவே கூரைக்குள்ளோ சுவருக்குள்ளோ வேலை என்றால் கேளுங்கோ: மெயின் சுவிட்ச் நிற்பாட்டியாச்சா? மின்தொழிலாளி பார்த்தாரா? மெயினை நிற்பாட்டினாலும் தெருவில் இருந்து வருகிற வயரிலும் சூரியத் தகட்டு வயரிலும் மின்சாரம் இருக்கலாம். சுவரில் அஸ்பெஸ்டஸ் இருக்கிறதா என்று பரிசோதித்தாச்சா? தண்ணீரும் ஓய்வும் தருகிறார்களா? பதில் சொல்லாமல் "ஏறு, ஏறு" என்றால் ஏறாதேங்கோ. ஒரு நாள் சம்பளம் போனால் போகட்டும். பாதுகாப்பில்லாத வேலையை மறுக்கிற உரிமை உங்களுக்கு உண்டு. ஆகக் குறைந்த சம்பளச் சட்டமும் எங்களுக்கும் சேர்த்துத்தான்.

நான் நிறையக் கதைத்துவிட்டேன். இன்றைக்கு வீட்டுக்குப் போய் ஒரு வேலை செய்யுங்கோ. மேற்குப் பக்கச் சுவரில் இருந்து அலுமாரியைத் தள்ளிப் பின்னால் பாருங்கோ. மெத்தையைத் தூக்கி அடியில் பாருங்கோ. கறை கண்டால் முதலில் படம் எடுங்கோ, பிறகு துடையுங்கோ, பிறகு எழுதுங்கோ. நாங்கள் ஓடி வந்தது உயிரைக் காப்பாற்ற. வந்த இடத்தில் படுக்கிற அறையால் பிள்ளைக்கு வருத்தம் வர விடக்கூடாது.



பயன்படும் தொலைபேசி எண்கள்

தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை: 131 450. முதலில் இதற்கு எடுத்து "தமிழ்" என்று சொல்லி, பிறகு நீங்கள் பேச வேண்டிய அலுவலகத்தின் எண்ணைக் கொடுங்கள்.
வாடகைக் குடியிருப்பு அதிகாரசபை (ஆர்.ரி.ஏ.): 1300 366 311
வாடகையாளர்களுக்கான இலவச ஆலோசனை, ரெனன்ற்ஸ் குயின்ஸ்லாந்து: 1300 744 263
வேலைத்தலப் பாதுகாப்பு, குயின்ஸ்லாந்து: 1300 362 128
சம்பளப் பிரச்சினை, ஃபெயார் வேர்க்: 13 13 94
உயிராபத்து என்றால்: 000